கப்பல் கோலாலம்பூரில் நிற்காது: ஒரு பகலில் தலைநகரைப் பார்த்துத் திரும்ப முழு வழிகாட்டி

“அண்ணா, கப்பல் கோலாலம்பூருக்கே வருதாம். இறங்கினதும் ஒரு நடை போயி ரெட்டைக் கோபுரத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்ல?”

நாமக்கல்லிலிருந்து சித்தப்பா மகள் போனில் கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. கப்பல்காரர்கள் கொடுத்த பயணத் தாளில் ‘கோலாலம்பூர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கப்பல் உண்மையில் நிற்கிற துறைமுகமான ‘போர்ட் கிள்ளான்’ அதன் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி. கோலாலம்பூரில் கடலே இல்லை. கப்பலிலிருந்து பார்த்தால் தெரிவது கொள்கலன் தூக்கும் பாரந்தூக்கிகளும் அலையாத்திக் காடும்தான்.

நான் இருப்பது தெலுக் பங்ளிமா காராங். கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவே, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனை (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டங்களுக்கு இடையில் கிடக்கிற ஊர். பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை மணி அடிப்பதற்குள் எந்தப் பிள்ளையை எங்கே ஏற்ற வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவதே என் பிழைப்பு. கப்பல் நிற்கிற இடம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். ஆகவே கப்பல் ஏறி வருகிற சொந்தபந்தங்களுக்கு வழி சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: நீங்கள் இறங்கும் இடம் எது?

பயணிகள் கப்பல் கரை சேர்வது பூலாவ் இண்டா என்ற தீவில். பாலத்தால் நிலத்தோடு சேர்ந்த தீவு. பக்கத்திலேயே பெரிய கொள்கலன் துறைமுகம் இருப்பதால் சாலை முழுக்கக் கொள்கலன் லாரிதான். முனையத்தை விட்டு நடந்து போய்ப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஒரு தே தாரேக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடிக்கக்கூட வண்டி ஏற வேண்டும். கோலாலம்பூர் நகர மையத்துக்கு இங்கிருந்து 60 முதல் 70 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். நெரிசலில் இரண்டு மணி நேரமும் ஆகும்.

போர்ட் கிள்ளான் இரயில் நிலையம் வேறு, இந்த முனையம் வேறு. இதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். வரைபடத்தில் இரண்டுக்கும் ‘போர்ட் கிள்ளான்’ என்றுதான் பெயர் இருக்கும். நடுவில் கடல்கால் ஓடுகிறது. சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இந்தத் துறைமுகத்தின் பழைய பகுதி 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1972-இல்தான் பெயர் மாறியது. நம் ஆட்களில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி இறங்கிய இடம் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போன ரஜூலா கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் அவர்கள். என் சித்தி அதே கப்பலில் எதிர்த்திசையில் போனவர். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனபோது தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். சித்தப்பாவும் சித்தியும் அந்தக் கூட்டத்தில். இப்போது சித்தி தன் மகள், மருமகனோடு நீச்சல் குளம் வைத்த கப்பலில் வந்தார். இந்த வழிகாட்டியில் வருகிற நேரமெல்லாம் அவரை வைத்துக் கணக்குப் போட்டது. உங்கள் குழுவில் முழங்கால் வலிக்காரர் யாரும் இல்லையென்றால் அரை மணி நேரம் மிச்சம்.

கடைசி மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லாரும் செய்யும் தவறு, “எட்டு மணிக்கு இறங்குறோம், ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புது, பத்து மணி நேரம் இருக்கு” என்பது. பத்து மணி நேரமெல்லாம் கிடையாது. கப்பல் கிளம்பும் நேரம் உங்களுக்குத் தேவையே இல்லை. எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று, கப்பலில் தினமும் கொடுக்கும் அன்றாடத் தாளில் போட்டிருப்பார்கள். வழக்கமாக அது கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். அதைத்தான் கையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு ஐந்து மணி கடைசி என்று வைத்துக்கொள்வோம். முனையத்தில் சோதனை, வரிசை, கழிவறை என்று அரை மணி. எதிர்பாராததற்கு ஒரு முழு மணி. ஆக, மூன்றரைக்கு நீங்கள் பூலாவ் இண்டா பாலத்துக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மணிக்கே கோலாலம்பூரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலையில் எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் குடிநுழைவுச் சோதனை முடிந்து வண்டியில் உட்கார எட்டே முக்கால், ஒன்பது ஆகிவிடும். போகும் வழி ஒன்றேகால் மணி. மிஞ்சுவது மூன்றேகால், மூன்றரை மணி நேரம். அவ்வளவுதான் உங்கள் கோலாலம்பூர். இதை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்தது எந்தக் கடிகாரம் என்பது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தில் ஓடுகிறது. இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால், தாய்லாந்தைவிட ஒரு மணி முன்னால். புக்கெட்டிலிருந்து வருகிற கப்பலில் சுவர்க் கடிகாரத்தை எப்போது நகர்த்துவார்கள் என்பதை கேப்டன்தான் முடிவு செய்வார். உங்கள் போன் கரையைப் பார்த்ததும் தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். மாப்பிள்ளை கையில் இந்திய நேரம் ஓடுகிற கடிகாரம், சித்தப்பா மகள் போனில் மலேசிய நேரம், கப்பல் தாளில் இன்னொன்று. வண்டியில் ஏறியதும் மூன்றையும் ஒன்றாக்கத்தான் முதல் ஐந்து நிமிடம் போயிற்று. இறங்கும் வாசலில் நிற்கிற ஊழியரிடம் “இப்போ கப்பல்ல மணி எத்தனை?” என்று ஒரு வார்த்தை கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்குத் திருப்பி வைத்துக்கொண்டு கரை இறங்குங்கள்.

உங்கள் கப்பல் நிற்பது எட்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் கோலாலம்பூரை விட்டுவிடுங்கள். கிள்ளான் போதும். தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடை, பூக்கடை, பலகாரக் கடை என்று நம் கடைவீதியே இருக்கிறது. பெருமாளைச் சேவிக்க சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. போக வர அலைச்சலும் பாதிதான்.

காகிதம், வெள்ளி, போன்

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு நடப்புக்கு வந்தது. அது இருந்தாலும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புவது, காசு கிடையாது. காசு கேட்கிற பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் அது குடிநுழைவுத் துறையின் பக்கம் இல்லை. கப்பலில் இணையம் விலை அதிகம் என்பதால் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நடுவில் மலேசியாவில் இறங்கிவிட்டுத் திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, கட்டிய பணம் போன குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, பாஸ்போர்ட், கடைசி மணி அச்சடித்த அன்றாடத் தாள். பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொண்டால் நகல் போதும். அந்தத் தாளின் அடியில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் போட்டிருக்கும். தாளை ஒரு படம் எடுத்து வையுங்கள், நனைந்தால் உதவும்.

இங்கே ரிங்கிட்டை நாங்கள் ‘வெள்ளி’ என்போம். “பத்து வெள்ளி கொடுங்க” என்றால் யாரும் நகைக்கடைச் சமாச்சாரம் பேசவில்லை. கோயில் தட்டு, கழிவறை, இளநீர் இவற்றுக்குச் சில்லறை நோட்டு வேண்டும். மற்ற இடங்களில் அட்டை செல்லும். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு ரொக்கம் வாங்க மாட்டார்கள், டச் அண்ட் கோ மாதிரி மின்னணுக் கட்டணம்தான். அது ஓட்டுநர் பொறுப்பு. ஆனால் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா, தனியா என்று முன்கூட்டியே கேளுங்கள். இறங்கும் நேரத்தில் பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

எதில் போவது?

மூன்று வழி உண்டு.

கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா விலை கூடுதல். கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வரவேண்டும், நினைவுப்பொருள் கடையில் நாற்பது நிமிடம் நிறுத்துவார்கள். ஆனால் அந்தப் பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. தனியே வருகிற வயதானவர்கள், மொழி புரியாது என்று பயப்படுகிறவர்கள் இதையே எடுத்துக்கொள்ளட்டும். நான் கேலி பண்ண மாட்டேன்.

தனி வண்டி, நான்கு பேர் முதல் எட்டுப் பேர் வரை உள்ள குடும்பத்துக்குச் சரி. உரிமம் உள்ள சுற்றுலா வேனை முன்கூட்டியே பேசி, மணிக் கணக்கில் விலை முடித்து, “எந்த நேரத்துக்கு முனைய வாசலில் இறக்கிவிடணும்” என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும். செயலியில் அழைக்கும் வாடகைக் காரான கிரேப் கூப்பிடலாம். காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அந்தத் தீவில் நின்று கூப்பிட்டால் வண்டி எங்கிருந்து வரும்? கோலாலம்பூரிலிருந்து திரும்புவதற்கு கிரேப் கிடைத்துவிடும். போவதற்கு அதையே நம்பி இருக்காதீர்கள்.

இரயில் மலிவு, நெரிசலும் அதைத் தொடாது. கிள்ளான் நிலையம் வரை வண்டியில் போய், அங்கிருந்து கேடிஎம் கோமுட்டர் என்ற புறநகர் இரயிலில் கோலாலம்பூரின் பெரிய நிலையமான கேஎல் செண்ட்ரல். ஆனால் இரயில் விட்டால் அடுத்ததற்கு அரை மணி, சில நேரம் அதற்கும் மேல். பயணமே ஒரு மணி நேரத்தை ஒட்டி. மகளிர் பெட்டி தனியாக உண்டு, ஆண்கள் தெரியாமல் ஏறினால் இறங்கச் சொல்வார்கள். இந்தக் கிள்ளான் தடம்தான் சிலாங்கூரின் முதல் இரயில் பாதை, 1886-இல் ஓட ஆரம்பித்தது. இளவட்டங்கள் இருவர் முதுகுப்பையோடு வந்தால் இதைத்தான் சொல்வேன். சித்தியோடு வந்தவர்களை நான் என் காரிலேயே ஏற்றிக்கொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் முடிந்தது.

முதலில் பத்துமலை

தூரத்தை முதலில் முடித்துவிட்டுப் பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். என் திட்டம் முழுவதும் இவ்வளவுதான். பத்துமலை நகரத்தைத் தாண்டி வடக்கே 13 கிலோமீட்டர். கப்பலிலிருந்து பார்த்தால் நாம் போகிற இடங்களில் இதுதான் தொலைவு. வழியில் வேறெங்கும் நிற்காமல் நேராக அங்கே போய்விடுங்கள். பத்தேகாலுக்குள் அடிவாரத்தில் இருந்தால் வெயிலும் சுற்றுலாப் பேருந்துக் கூட்டமும் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளைதான் 1891-இல் இந்தக் குகையில் முருகனை வைத்தார். மறுவருடத்திலிருந்து தைப்பூசம் நடக்கிறது. வாசலில் நிற்கிற 42.7 மீட்டர் முருகன் 2006-இல் வந்தவர். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எங்க சேலம் பக்கம் முத்துமலை முருகன் இதைவிட ஒசரம் மாமா” என்றார். உண்மைதான், அது 146 அடி, 2022-இல் குடமுழுக்கு ஆனது. “சரிங்க மாப்பிள்ளை, உங்க முருகனுக்குப் பின்னால இப்படிச் சுண்ணாம்பு மலை இருக்கா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார்.

படி 272. சரிவு செங்குத்து, ஒவ்வொரு படியும் குறுகல். இறங்கும்போதுதான் கால் நடுங்கும், ஆகவே ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். ஏற இருபது நிமிடம், மேலே இருபது, இறங்கப் பதினைந்து. 2018-இல் படிகளுக்கு வானவில் மாதிரி வண்ணம் அடித்த பிறகு பாதிப் படியில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களால் அதுவே ஒரு நெரிசல். அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, கட்டிக்கொள்ளத் துணி வாங்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே ஒரு துண்டு கொண்டு வாருங்கள்.

குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அர்த்தம். உள்ளே மருந்துச் சீட்டு இருந்தாலும் பிடுங்கும். பிடுங்கினால் இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். தண்ணீர் புட்டியைத் துணிப்பைக்குள் வையுங்கள். குட்டியோடு இருக்கிற குரங்கைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், பல்லைக் காட்டினால் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

சித்தி ஏறவில்லை. அடிவாரத்திலும் சன்னிதிகள் இருக்கின்றன. அங்கே கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து புறா மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் முப்பது பேர் நின்றுகொண்டு வந்ததாகவும், அப்பாவின் தோளில் உட்கார்ந்து படி ஏறியதாகவும் சொன்னார். “அன்னிக்கு ஏறினது போதும்பா” என்றார். ஏற முடியாதவரை வற்புறுத்தாதீர்கள். மேலே போகிறவர்கள் அவரிடம் ஒரு போனும், தண்ணீரும், திரும்பும் நேரமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பதினொன்றேகாலுக்கு வண்டி நகர வேண்டும். தட்டு, சாவிக்கொத்து வாங்கும் ஆசை உள்ளவர்களை முன்னால் நடக்க விடுங்கள்.

இரட்டைக் கோபுரம்: கீழிருந்து போதும்

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், 88 மாடி. 2004-இல் தைப்பே கட்டடம் வரும்வரை உலகிலேயே உயரமானதாக இருந்தது. 41, 42-ஆம் மாடிகளில் இரண்டையும் இணைக்கிற பாலம். மேலே போக நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வேண்டும், திங்கட்கிழமை கிடையாது. கப்பல் பயணிக்கு இது தோதுப்படாது. பதினொன்றே முக்கால் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பத்துமலைப் படியில் நிற்கும்போது வயிற்றைக் கலக்கும். பின்பக்கப் பூங்காவின் குளக்கரையில் நின்றால் இரண்டு கோபுரமும் முழுசாகப் படத்துக்குள் வரும். இருபது நிமிடம் போதும். உள்ளே இருக்கிற பேரங்காடிக்குள் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டால் நான் பொறுப்பல்ல. மாப்பிள்ளைதான் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்து அரை மணி நேரத்தை விழுங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரயிலில் வந்தவர்களுக்கு: கேஎல் செண்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தட எல்ஆர்டி நகர இரயிலில் ஐந்தாவது நிலையமான கேஎல்சிசிதான் கோபுரத்துக்கு இறங்கும் இடம். வழியில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடம். ‘சேற்று முகத்துவாரம்’ என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். அங்கிருந்து பொடிநடையாக மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடல் அது. எதிரே 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். வண்டியில் போகிறவர்கள் இதைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில்

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு கட்டடமெல்லாம் செங்கல்லில் கட்ட வேண்டும் என்று ஆனது. அந்தச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். இப்போது கேஎல் செண்ட்ரலுக்குப் பின்புறம், நடந்தே வரலாம். பன்னிரண்டரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள், ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்காகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை சாலை ஓரமெல்லாம் வண்டி நிற்கும். அன்றைக்கு எல்லாவற்றையும் அரை மணி முன்னால் தள்ளுங்கள்.

வாழை இலை சாப்பாட்டில் சோறும் காயும் கேட்கக் கேட்க வரும். மீனும் கோழியும் தனிக் கணக்கு. பொரித்த பாகற்காய் வைத்தால் இரண்டாம் முறை கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நாமக்கல்காரர்களுக்கு எங்கள் ஊர் மீன் குழம்பு கொஞ்சம் இனிப்பாகத் தெரியும். அப்படிச் சொன்னதும் சித்திதான் கோபித்துக்கொண்டார்: “இதுதான்டா சரியான குழம்பு. அம்பது வருஷமா நான் கேட்டேன், யாரும் வச்சுக் குடுக்கல.”

பெட்டாலிங் சாலை, சென்ட்ரல் மார்க்கெட், தேசிய அருங்காட்சியகம், கேஎல் கோபுரம் எல்லாமே நல்ல இடங்கள்தான். இன்றைக்கு வேண்டாம். ஒன்றைச் சேர்த்தால் கோபுரத்தையோ சாப்பாட்டையோ விட வேண்டும். இரண்டையும் விடாமல் மூன்றாவதைச் சேர்க்கலாம் என்பவரோடு நான் வண்டியில் போக மாட்டேன்.

ஒன்றரை மணி: திரும்புங்கள்

மதியத்துக்கு மேல் இங்கே திடீரென்று இடி மழை கொட்டும், முக்கியமாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில். பத்து நிமிட மழைக்கு ஒரு மணி நேர ஜாம் என்பது எங்கள் கணக்கு. நான்கரைக்கு மேல் வேலை விட்டு வருகிற கூட்டம். இரண்டுக்கும் முன்னால் நகரத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் பாதி ஆபத்து போயிற்று.

எஸ்கேவிஇ என்ற தெற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகப் பூலாவ் இண்டா வரைக்கும் போகிறது. வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. மிச்சமிருக்கும் நேரத்தைக் கோலாலம்பூரில் செலவு பண்ணாமல் இங்கே கொண்டு வாருங்கள். ஏதாவது தப்பினாலும் கப்பல் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. இரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். ரொட்டி சானாயும் (எங்கள் ஊர் பரோட்டா) தேத்தண்ணியும் வைத்துக் கொடுக்க ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். அந்தப் பக்கம் கேரித் தீவில் மா மெரி பூர்வகுடிகளின் கிராமமும் மர முகமூடிச் செதுக்கலும் உண்டு. மூன்று மணிக்கு வந்து அதைப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். அதைப் பார்க்க விரும்பினால் கோலாலம்பூரை விட்டுவிட்டு ஒரு முழுப் பகலையும் அதற்கே கொடுங்கள்.

தோட்டத்துக்குள் காவல் கொட்டகை தாண்டி அனுமதியில்லாமல் போகக் கூடாது. பொதுச்சாலை ஓரத்திலேயே பார்க்க வேண்டியது இருக்கிறது. சித்தி பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த பக்கம் வண்டியை நிறுத்தினேன். லயம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பூச்சோடு நின்றது, பூட்டியிருந்தது. சித்தி சுற்றிலும் பார்த்துவிட்டு, “பால்மரமெல்லாம் எங்க?” என்று கேட்டார். ரப்பர் மரங்களை வெட்டி எத்தனையோ வருடம் ஆயிற்று, எல்லாம் செம்பனை என்றேன். வெட்டிய குலைகள் ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. அறுத்ததை ஒரு நாளுக்குள் ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும், நாள் தள்ளினால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் குறையும். அதனால்தான் எங்கள் சாலையில் குலை லாரி அப்படிப் பறக்கிறது, வழி விட்டு நில்லுங்கள்.

குலையிலிருந்து உதிர்ந்த பழம் ஒன்றைச் சித்தி குனிந்து எடுத்தார். நுனி கறுப்பு, அடி ஆரஞ்சு. நகத்தால் கீறியதும் நார் பிரிந்து, எண்ணெய் கட்டைவிரல் ரேகைக்குள் இறங்கியது. முகர்ந்து பார்த்துவிட்டு, “ஒட்டுப்பால் நாத்தம் இல்ல, நல்லாருக்கு” என்றார். காய்ந்த ரப்பர் பாலைச் சொல்கிறார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற காலம், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவிய தண்ணீர், தோட்டக் கணக்கரான கிராணியின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முப்பத்தைந்து.

தீவுக்குள் கடைசி மைல்

அந்த ஐந்து நிமிடத் தாமதத்துக்கே விலை கொடுத்தோம். பாலம் தாண்டியதும் கொள்கலன் லாரி ஒன்று சக்கரம் வெடித்து ஒரு தடத்தை அடைத்து நின்றது. இருபத்தைந்து நிமிடம் நகரவில்லை. மாப்பிள்ளை கப்பல் தாளை விசிறியாக்கிக்கொண்டார். நான்கு பதினெட்டுக்கு முனைய வாசல். ஐந்து மணிக் கெடுவுக்கு நாற்பத்திரண்டு நிமிடம் மிச்சம். நான் பின்னோக்கி எண்ணும்போது ‘எதிர்பாராததற்கு’ என்று ஒரு மணி நேரம் வைத்தது இதற்குத்தான்.

வண்டியை விட்டு இறங்கும் முன்னால் இருக்கைக்கு அடியில் பாருங்கள். போன், கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, எல்லாம் அங்கேதான் கிடக்கும். மங்குஸ்தீன், டுரியான் வாங்கியிருந்தால் காரிலேயே முடித்துவிடுங்கள். பல கப்பல்களில் வெளிப் பழம் ஏற்ற விட மாட்டார்கள், டுரியானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தவற விட்டால்

முதலில் துறைமுக முகவருக்கு அழையுங்கள். கப்பல் கிளம்பும் முன் உங்கள் அறையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். அது பினாங்கு என்றால் கேஎல் செண்ட்ரலிலிருந்து இடிஎஸ் என்ற மின்சார விரைவு இரயிலில் நான்கு மணி நேரத்தை ஒட்டிப் பட்டர்வொர்த். அங்கிருந்து பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன். கப்பல் வந்து நிற்கும் துறையின் பெயர் அங்கேயும் சுவெட்டன்ஹாம்தான். சிங்கப்பூர் என்றால் ஐந்து, ஆறு மணி நேரப் பேருந்து. புக்கெட், லங்காவி என்றால் விமானம். பயணக் காப்புறுதியில் இது அடங்குமா என்று கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரவு எட்டு மணிக்குச் சித்தப்பா மகளிடமிருந்து செய்தி வந்தது. கப்பல் கடலுக்குள் போய்விட்டதாம், சித்தி தூங்கிவிட்டாராம். கடைசியில் ஒரு கேள்வி: “அம்மா அந்தக் கையாலயே கப்பல் துண்டைத் தொட்டுட்டாங்க அண்ணா. வெள்ளைத் துண்டு. ஆரஞ்சுக் கறை எதுல போகும்?” பாத்திரம் கழுவும் சோப்பைக் கறைமேல் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கசக்கு, காய்வதற்குள் பண்ணு என்று பதில் போட்டேன்.